அந்த ஒரு மெசேஜை அனுப்பியிருந்தால்? தனியாக மலைப்பக்கம் போனவருக்கு நடந்த விபரீதம்!

வீக் எண்டு வந்தால் பையைத் தூக்கிக்கிட்டு தனியா எங்கேயாவது மலையேறப் போகணும்னு தோணுதா? ஆசை தப்பில்லை. ஆனா, கிளம்புறதுக்கு முன்னாடி ஆரன் ரால்ஸ்டன் கதையைத் தெரிஞ்சுக்கிட்டுக் கிளம்புங்க.

ரால்ஸ்டன், அமெரிக்காவைச் சேர்ந்த மெக்கானிக்கல் இன்ஜினீயர். மலையேறுவதற்காகவே 2002-ல் இன்ஜினீயர் வேலையை உதறியவர். கொலராடோ மாநிலத்தின் 14,000 அடிக்கு மேலான சிகரங்களை, அதுவும் பனிக்காலத்தில், தனி ஆளாக ஏறிக்கொண்டிருந்தார். அனுபவத்துக்குக் குறைவே இல்லை. அவருக்குத்தான் இது நடந்தது.

சனிக்கிழமை மதியம்... ஒரு நொடி!

2003 ஏப்ரல் 26, சனிக்கிழமை. யூட்டா மாநிலத்தின் புளூஜான் கேன்யானுக்குப் போனார் 27 வயது ரால்ஸ்டன். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச்சுவர், நடுவில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு இடுக்கு. அப்படிப்பட்ட பள்ளத்தாக்கு அது. காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, சைக்கிளில் போய், அதையும் விட்டுவிட்டு நடந்தார். எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் மூன்று மணி இருக்கும். இடுக்கில் சிக்கி நின்ற ஒரு பாறையைப் பிடித்து கீழே இறங்கும்போது, அது நழுவியது. அவர் வலது கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. பாறையின் எடை சுமார் 360 கிலோ. இழுத்தார், தள்ளினார், அசையவில்லை. கையில் இருந்தது ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு, கயிறு, வீடியோ கேமரா, மழுங்கிய கத்தி உள்ள ஒரு மல்ட்டி டூல்.

பாறையைக் கொத்திப் பார்த்தார். கயிறு கட்டித் தூக்கிப் பார்த்தார். பலன் இல்லை. தண்ணீரும் தீர்ந்தது. பெற்றோருக்கு கேமராவில் கடைசி வார்த்தைகளைப் பதிவு செய்தார். பாறைச்சுவரில் தன் பெயரையும், தான் இறக்கப்போவதாக நினைத்த நாளையும் செதுக்கினார்.

மே 1, வியாழன் காலை. அந்தக் கத்தியால் எலும்பை அறுக்க முடியாது என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆனால், சிக்கிய கையைத் திருகினால் எலும்பு உடையும் என்று அப்போதுதான் பொறி தட்டியது. எலும்புகளை உடைத்தார். ரத்தம் கொட்டாமல் இறுக்கிக் கட்டினார். தன் கையைத் தானே அறுத்து விடுபட்டார். ஒற்றைக் கையோடு சுமார் 65 அடி ஆழத்துக்குக் கயிற்றில் இறங்கி, வெயிலில் மைல்கணக்கில் நடந்தார். வழியில் வந்த நெதர்லாந்துக் குடும்பம் தண்ணீர் கொடுத்தது. சிறிது நேரத்தில் ஹெலிகாப்டரும் வந்தது.

ஹெலிகாப்டர் எப்படி வந்தது?

இந்தக் கதையில் பலரும் கவனிக்காத இடம் இதுதான். அந்த ஹெலிகாப்டர் ஏற்கெனவே அவரைத் தேடிக்கொண்டிருந்தது. சொன்ன நாளில் வேலைக்கு வரவில்லை என்ற பிறகுதான் நண்பர்களும் குடும்பமும் பதறினார்கள். அவர் போன இடமே தெரியாததால், முதலில் காரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவர் சிக்கியது சனிக்கிழமை. தேடல் சூடுபிடித்தது வாரத்தின் நடுவில். 'இந்த இடத்துக்குப் போறேன், இன்னிக்கு நைட் கூப்பிடலைன்னா தேடுங்க' என்று ஒருவரிடம் சொல்லியிருந்தால், தேடல் மறுநாளே தொடங்கியிருக்கும். எங்கே தேடுவது என்ற கேள்வியும் இருந்திருக்காது.

இந்தச் சம்பவம்தான் 2010-ல் '127 ஹவர்ஸ்' படமானது. இயக்கம் டேனி பாயில், இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்.

கிளம்பும் முன் இதைச் செய்யுங்க!

* ஒரு மெசேஜ்: போகும் பாதை, தொடங்கும் இடம், வண்டி நம்பர், திரும்பும் நேரம், எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லைன்னா யாரைக் கூப்பிடணும். இவ்வளவையும் பொறுப்பான ஒருத்தருக்கு அனுப்புங்க. வழியில் பிளான் மாறினால், சிக்னல் இருக்கும்போதே சொல்லிடுங்க.

* போன்: மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு பண்ணுங்க. சிக்னல் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ் வேலை செய்யும். டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீரும் என்பதால் ஏரோபிளேன் மோடில் வைங்க. குளிரிலும் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், போனை சட்டைக்குள் வைங்க.

* விசில்: கத்தினால் தொண்டை போயிடும், விசில் போகாது. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதுங்க, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. இது மலையேறுபவர்களின் ஆபத்து சிக்னல்.

* திரும்பும் நேரம்: உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் இத்தனை மணிக்குத் திரும்புவேன்னு முடிவு பண்ணுங்க. தலையில் மாட்டும் டார்ச் ஒண்ணு பையில் இருக்கட்டும்.

* வழி தவறினால்: நில்லுங்க. பதற்றத்தில் நடக்க நடக்க, உங்களைத் தேட வேண்டிய பரப்புதான் பெரிதாகும்.

* 112: உங்க சிம்முக்கு சிக்னல் இல்லாத இடத்திலும், வேறு நிறுவனத்தின் டவர் இருந்தால் இந்த அவசர எண்ணுக்கு கால் போக வாய்ப்பு உண்டு. முயற்சி பண்ணுங்க.

* சாட்டிலைட் போன்: வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வாங்கிடாதீங்க. இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

* அனுமதி: நம்ம ஊர் காப்புக்காடுகளுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது.

ரால்ஸ்டன் அதோடு மலையை விட்டுவிடவில்லை. செயற்கைக் கையோடு ஏறி, கொலராடோவின் அந்த 14,000 அடி சிகரங்கள் அனைத்தையும் பனிக்காலத்தில் தனியாகத் தொட்ட முதல் மனிதர் என்ற சாதனையை 2005-ல் படைத்தார்.

தனியா போங்க, தப்பே இல்லை. நீங்க எங்கே இருக்கீங்கன்னு ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கட்டும்!