நெவ் ஷாப்பெல் ஞாபகச் சின்னமும் மந்திரிமார் விஜயமும்

யுத்தத்தில் மாண்டோரை நினைவுகூரும் பொருட்டு ராஜாங்க அதிகாரிகள் கடல் கடந்து செல்வதும், சென்றவிடத்தில் குடியேறி வாழும் தம் நாட்டாரை ஒருங்கே கூட்டி அளவளாவி வருவதும் இந்நாளில் பெருவழக்காய் விட்டன. மலர்வளையம் வைக்கும் படமொன்றும் அதன் கீழ் நான்கு வரிச் செய்தியும் பத்திரிகைகளில் வெளியாகின்றன. மறுநாள் அவை மறக்கப்படுகின்றன. அவ்வாறு மறத்தற்குரியதல்லாத ஒரு விஜயம் 1927-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதனையும், அதே பிரெஞ்சு தேசத்துக்குப் பிற்காலத்தில் நம் நாட்டு மந்திரிமார் மேற்கொண்ட சில பிரயாணங்களையும் பற்றி நம் அன்பர்களுக்கு இங்கே எழுதப் புகுகின்றோம்.

முன்னதாக யுத்த வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டபோது, ஆங்கிலேயரின் சிறு சேனை பிரெஞ்சு நாட்டிலும் பெல்ஜியத்திலும் தேய்ந்துகொண்டிருந்தது. உடனே வந்து உதவக்கூடிய பயின்ற படை இந்தியாவில்தான் இருந்தது. செப்டம்பர் மாதம் 26-ஆம் தேதி லாகூர் டிவிஷனைச் சேர்ந்த துருப்புகள் மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கின. மீரட் டிவிஷனும் பின்தொடர்ந்தது. வெயில் காலத்து உடுப்புடன் வந்த அச்சிப்பாய்கள் ஒரு மாதத்துக்குள் பிளாண்டர்ஸ் நாட்டுச் சேற்று அகழிகளில் நின்றார்கள். அக்டோபர் 31-ஆம் தேதி ஹொல்லபேக் என்னுமிடத்தில் தம் இயந்திரத் துப்பாக்கிக் குழுவினர் அனைவரும் மாண்ட பின்னும் தனியே நின்று சுட்ட குதாதாத் கான் விக்டோரியா கிராஸ் விருது பெற்றார். இந்திய சேனையைச் சேர்ந்த இந்தியருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன் முறை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை, 1911 வரையில், இந்தியர் அவ்விருதுக்குத் தகுதியுடையராகவே கருதப்படவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக் கொள்க.

1915-ஆம் ஆண்டு மார்ச்சு 10 முதல் 13 வரை நெவ் ஷாப்பெல் கிராமத்தில் நடந்த போரில், தாக்கிய சேனையில் ஏறக்குறையப் பாதி இந்தியருடையது. அந்நான்கு நாட்களில் இந்தியப் படையில் 4,000 பேருக்கு மேல் மாண்டும் காயமுற்றும் காணாமற்போயும் ஒழிந்தனர். கார்வால் பட்டாளத்துச் சிப்பாய் கபர் சிங் நேகி, கையெறி குண்டுக்காரருடன் பகைவர் அகழியினுட் புகுந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் தாமே முதல்வராய் முன்னேறி, எதிரிகளைப் பணியச்செய்து, அன்றே உயிர் துறந்தார். இமயமலைச் சாரலில் அவர் பிறந்த ஊருக்கு அருகிலுள்ள சம்பா என்னும் ஊரில் அவர் பெயரால் திருவிழா நடந்து வருகிறது.

அவ்வாண்டின் இறுதியில் காலாட்படையினர் மெசபடோமியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். குதிரைப்படையினர் 1918-இன் தொடக்கம் வரையில் பிரெஞ்சு நாட்டிலேயே தங்கினர். போர்வீரரும் கூலிப்படையினருமாக அந்நாட்டு யுத்தகளத்தில் பணிபுரிந்த இந்தியர் சுமார் 1,40,000 பேர். மாண்டவருட் பெரும்பாலோர்க்குத் தனிக் கல்லறையும் இல்லை, தகனமும் இல்லை. அயல்நாட்டுச் சேற்றில் மறைந்த அவர்களுக்குப் பிள்ளைகள் செய்யவேண்டிய கடனைக் கற்சிற்பமே செய்யலாயிற்று.

அச்சின்னத்தை வரைந்தவர் ஸர் ஹெர்பர்ட் பேக்கர். புது டில்லி செக்ரடேரியட் மாளிகைகளைச் சமைத்தவரும் அவரே. வட்ட வடிவமான மதில், அதில் ஒரு பகுதி நம் நாட்டுக் கல்ஜன்னல் வேலைப்பாடு, நடுவில் அசோக ஸ்தம்பத்தை நினைப்பூட்டும் சுமார் 50 அடித் தூண், அதன் உச்சியில் தாமரை, இருமருங்கும் காவல் புரியும் கற்புலிகள். இறைவன் ஒருவனே, வெற்றியும் அவனதே என்னும் கருத்து ஆங்கிலம், அரபு, ஹிந்தி, குருமுகி ஆகிய எழுத்துக்களில் தூணடியிற் பொறிக்கப்பெற்றுள்ளது. கல்லறை அறியப்படாத 4,700-க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன.

1927-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் தேதி இதனைத் திறந்து வைக்கும் பொருட்டு லண்டனிலிருந்து சென்றவர் இந்தியா மந்திரியாகிய பர்கன்ஹெட் பிரபு. பிரெஞ்சு சேனாதிபதி பாஷ், கபூர்தலா மகாராஜா, கவிஞர் கிப்ளிங், இந்தியாவிலிருந்து வந்த பழைய சிப்பாய்கள் ஆகியோர் உடனிருந்தனர். பர்கன்ஹெட் அந்தப் பூமிக்குப் புதியவரல்லர். எப். ஈ. ஸ்மித் என்ற பெயருடன் 1914-15-இல் இந்தியப் படையின் வரலாற்றைக் குறித்துவைக்கும் உத்தியோகத்தில் பிரெஞ்சு நாட்டில் இருந்தவர்; பின்னர் மெரிவெதர் என்பாருடன் சேர்ந்து அப்படையின் சரித்திரத்தைப் பெரும் புத்தகமாக எழுதியவர். எந்தப் பட்டாளம் எந்த அகழியில் எந்த நாளில் அழிந்தது என்பதைக் கணக்குப் பார்த்தவர். ஆதலின் அன்று அவர் மேடையில் நின்றபோது, மாண்டவரைச் செவிவழியாக அறிந்த மந்திரியாக அல்லாமல், அவர்களிடையே வாழ்ந்தவராகவே நின்றார் என்று கொள்ளலாம். அவருடைய மரியாதை போலியானது என்று சொல்ல நாம் துணியோம்.

நிற்க. அன்றிலிருந்து 32-ஆம் நாள், நவம்பர் 8-ஆம் தேதி, இந்தியாவின் அரசியலமைப்பை ஆராயும் கமிஷன் ஒன்று பிரகடனமாயிற்று. ஸர் ஜான் ஸைமனைத் தலைவராகக் கொண்ட அக்குழுவின் 7 அங்கத்தினரும் பிரிட்டிஷ் பார்லிமெண்டினர். இந்தியர் ஒருவரேனும் இல்லை. அக்குழுவை அவ்வாறு அமைத்த பொறுப்பு அதே பர்கன்ஹெட் பிரபுவினுடையது. இந்தியர் தமக்குள் ஒத்து ஓர் அரசியல் திட்டம் வகுக்க வல்லரல்லர் என்பதே அவருடைய எண்ணம். அதனை வெளிப்படையாகவும் கூறினார். நெவ் ஷாப்பெல் சுவரில் ஹிந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் ஒரே வரிசையில் நின்று மடிந்ததை எழுதிய கையே, உயிருள்ள ஹிந்துவும் முஸ்லிமும் ஒரே மேஜையில் அமரமாட்டார் என்றும் எழுதிற்று. உயிர் கொடுக்கும் தகுதி உண்டு. யோசனை சொல்லும் தகுதி மட்டும் இல்லை போலும்!

அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை கமிஷனைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தது. 1928 பிப்ரவரி 3-ஆம் தேதி ஸைமன் குழுவினர் பம்பாயில் இறங்கினர். அன்று சென்னை நகரில் ஹர்த்தால் நடந்து துப்பாக்கிப் பிரயோகமும் ஏற்பட்டது. மறுபுறத்தில், தத்தம் குறைகளைச் சொல்ல வேறு வாசல் இல்லையென்று கருதிய சமூகச் சங்கங்கள் பல அக்குழுவுக்கு மனுக்கள் அனுப்பின. அவற்றை இன்று எள்ளி நகையாடுவது எளிது. பிரதிநிதித்துவம் என்பது யாருக்கு எவ்வளவு என்னும் வினா அன்று நம் போன்ற சங்கங்களை எவ்வளவு வருத்திற்று என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு நகையார்.

இவ்விடத்தில் தென்னாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெவ் ஷாப்பெல் சுவரில் தமிழ்ப் பெயரைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். முதலிற் சென்ற இரண்டு டிவிஷன்களில் சென்னைக் காலாட்பட்டாளம் ஒன்றேனும் இல்லை. காரணம், 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனாதிபதியாகவும், பின்னர் இந்தியா முழுமைக்கும் சேனாதிபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ் பிரபு முதலியோர் பரப்பிய வீர ஜாதிக் கொள்கை. சில வகுப்பார் பிறவியிலேயே போர்வீரர், ஏனையோர் அல்லர் என்பது அதன் சாரம். ஆர்க்காட்டு முற்றுகை முதலாக ஆங்கிலேயருக்கு வெற்றி தேடித்தந்த சென்னைச் சிப்பாய், காகிதத்தின்மேல் கோழையானான். வடமேற்கிலிருந்தே ஆள் சேர்க்கப்பட்டது. நம் நாட்டு ஜாதிப் பிரிவுகளைக் குறைகூறிய அதே துரைத்தனம், பட்டாளத்து ரிஜிஸ்தரில் ஜாதியை நாம் செய்ததைக் காட்டிலும் கடுமையாகக் கட்டிப்போட்டது. சென்னைச் சுரங்கப்படையினர் மெசபடோமியாவிலும் கிழக்காப்பிரிக்காவிலும் உழைத்தார்கள். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் கொடியின் கீழ் தமிழர் சென்றார்கள். பின்னவரின் சின்னம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இன்றும் நிற்கிறது. ஜூலை 14-ஆம் தேதி அதற்கு விளக்கலங்காரம் செய்வர்.

ஆனால் பிறர் குற்றத்தையே எழுதிச் செல்வது நேர்மையாகாது. காயமுற்ற இந்தியருக்காக இங்கிலாந்தில் ஏற்பட்ட ஆஸ்பத்திரிகளில் ஜாதியாசாரம் பழுதுபடாமல் காக்கப்பட்டது. பிரைட்டன் அரண்மனையை ஆஸ்பத்திரியாக்கியபோது வெவ்வேறு வகுப்பாருக்காக 9 சமையற்கூடங்கள் அமைத்தார்கள். தண்ணீர்க் குழாயும் ஹிந்துவுக்கு வேறு, முஸ்லிமுக்கு வேறு. பிராக்கன்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் இருந்த இந்திய ஆஸ்பத்திரியில் பணியாளாக இருந்த ஐக்கிய மாகாணத்துப் பரேலி நகரவாசியாகிய சுகா என்பவர் 1915 ஜனவரியில் இறந்தார். அவர் தோட்டி வேலை செய்யும் தீண்டாதார் வகுப்பைச் சேர்ந்தவராதலால் தகனம் செய்ய ஹிந்துக்கள் மறுத்தார்கள் என்றும், தம் மதத்தினர் அல்லராதலால் முஸ்லிம்களும் தம் இடுகாட்டில் இடந்தர மறுத்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. கடைசியில் அவ்வூர் மாதாகோவிலின் முற்றத்தில் இடம் கிடைத்தது. அக்கிராமத்துச் சபையோர் தம் செலவில் கல் நாட்டி, அவர் கிறிஸ்தவரல்லர் எனினும் பிறர் நலத்துக்காகத் தம் வாழ்வைத் தந்தவர் என்னும் பொருள்பட எழுதி வைத்தார்கள். கல் இன்றும் இருக்கிறது. பர்கன்ஹெட் பிரபுவிடம் நாம் கேட்கும் கேள்வி எதுவோ, அது அந்த மயானத்தருகே நம்மையும் நோக்கித் திரும்புகிறது. ஜாதிச் சங்கமொன்றின் பத்திரிகையில் இதனை எழுதாமல் விடுவது தகாது என்றே எழுதினோம்.

இனிப் பிற்கால விஜயங்களைச் சுருக்கமாகக் கூறுவோம். நெவ் ஷாப்பெலுக்குச் சென்ற முதல் இந்தியப் பிரதம மந்திரி ஸ்ரீ நரேந்திர மோடி. நாள் 2015 ஏப்ரல் 11. போர் நடந்து நூறாண்டும் ஒரு மாதமும் ஆகியிருந்தது. அதே நாளில் பாரிஸ் நகரில் அங்குள்ள இந்தியரைக் கூட்டிப் பேசினார். முந்திய நாள், பிரெஞ்சுக்காரரிடம் 36 ரபேல் போர்விமானங்கள் வாங்கும் முடிவு அறிவிக்கப்பட்டிருந்தது. மலர்வளையமும் விமான பேரமும் ஒரே யாத்திரையில் அடங்குவதைக் கண்டு சிலர் முகஞ்சுளித்தனர். எந்த நாட்டு மந்திரியும் ஒரே காரியத்துக்காகக் கப்பலேறியதில்லை. ஆகாய விமானம் வந்த பின்னும் அவ்வாறே. சுதந்தரம் பெற்று 67 ஆண்டுகள் கழிந்தே ஒரு பிரதமர் அவ்விடம் சென்றார் என்பதுதான் நம் மனத்தில் தைக்கிறது. ஆங்கிலச் சக்கரவர்த்திக்காக மாண்டவர் என்ற கூச்சத்தினால் அச்சிப்பாய்களை நெடுங்காலம் நாம் யாருடைய பிள்ளைகளுமல்லாமல் விட்டுவிட்டோம்.

2018-இல் வேறொன்று நிகழ்ந்தது. யுத்தம் முடிந்த நூறாவது ஆண்டு நிறைவை முன்னிட்டு, அப்போதைய உபராஷ்டிரபதி ஸ்ரீ வெங்கைய நாயுடு, பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியைச் சேர்ந்தவர், பிரெஞ்சு நாடு சென்று, நவம்பர் 10-ஆம் தேதி வில்லர்ஸ் கிஸ்லேன் என்ற ஊரில் ஒரு சின்னத்தைத் திறந்து வைத்தார். நெவ் ஷாப்பெல் சின்னம் ஏகாதிபத்தியத்தின் செலவில் எழுந்தது. இதுவோ சுதந்தர இந்தியா தன் செலவில் அந்நாட்டில் எழுப்பிய முதற் சின்னம். அவ்வூரின் அருகே 1917 டிசம்பர் 1-ஆம் தேதி, கோவிந்த் சிங் என்னும் ராஜபுத்திரக் குதிரைவீரர் குண்டுமாரியினூடே மூன்று முறை செய்தி கொண்டுசென்றார். மூன்று முறையும் குதிரை சுடப்பட்டு வீழ, எஞ்சிய தூரத்தைக் கால்நடையாகவே கடந்தார். உயிர் பிழைத்து விக்டோரியா கிராஸும் பெற்றார். அவருடைய பட்டாளம் 28-ஆவது லைட் காவல்ரி. 1903-க்கு முன் அதன் பெயர் மூன்றாவது மெட்ராஸ் லான்ஸர்ஸ்! சென்னைப் பட்டாளத்திலிருந்து சென்னையின் பெயரை எடுத்துவிட்ட கதையை அதன் இலக்கமே சொல்கிறது.

2016-இல் ரிஷ்பூர் கிராமத்தருகே மண் வெட்டியபோது கார்வால் சிப்பாய்கள் இருவரின் எலும்புகள் அகப்பட்டு, அடுத்த ஆண்டு லாவந்தி இடுகாட்டில் இராணுவ மரியாதையுடன் சேர்க்கப்பட்டன. 2025 பிப்ரவரி 12-ஆம் தேதி பிரதமரும் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோனும் மார்சேல்ஸ் நகரின் மசார்க் இடுகாட்டில் மலரஞ்சலி செய்து, அந்நகரில் இந்தியக் கான்ஸல் காரியாலயத்தையும் திறந்து வைத்தார்கள். 1914-இல் லாகூர் டிவிஷன் கரையிறங்கிய ஊர் அது.

சுவரிலுள்ள பெயர்களுக்குரிய ஊர்களிற் பல இன்று பாகிஸ்தானத்தில் இருக்கின்றன. கூர்க்காக்களின் ஊர்கள் நேபாளத்தில். ஆகவே எந்த ஒரு நாட்டு மந்திரி சென்று வணங்கினாலும் அவர் வணங்குவது தம்மவரை மட்டுமன்று.

நம் அன்பர்களின் உறவினர் பலர் பாரிஸ் நகரில் வாழ்கின்றனர். லா ஷாப்பெல் என்னும் அப்பேட்டையில் தமிழ்க் கடைகளும் பிள்ளையார் கோயில் தேரும் உண்டென்பது அறிந்ததே. அங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள வடக்கு ரயில் நிலையத்தில் ஏறினால் லீல் நகரம்; அதற்குத் தென்மேற்கே வயல்களினிடையே நாற்சந்தியொன்றில் அச்சின்னம் நிற்கிறது. போவோர் ஒரு முழுநாளை ஒதுக்கிக்கொண்டு போகவேண்டும், பெயர்கள் மிகுதி. பட்டாள வாரியாக வெட்டப்பட்டிருப்பதால் சிப்பாய்களின் வரிசையோடு நின்றுவிடாமல், பரிவாரத்தாராகச் சென்ற சமையற்காரர், தண்ணீர் சுமந்தோர், கழுதைக்காரர் ஆகியோரின் பெயர்களையும் தேடிப் படித்து வரும்படி அவர்களுக்கு எழுதுங்கள்.