சாம்பலும் கருத்த வாழைப்பழமும்

வாழைப்பழத்தின் தோல் முழுக்கக் கருத்து, தொட்டாலே அமுங்குகிற நிலைக்கு வந்துவிட்டால் எங்கள் வீட்டில் அதை யாரும் தொடமாட்டார்கள். அன்றைக்குத்தான் நான் மைதா டப்பாவைத் திறப்பேன். மூன்று பழம், இரண்டு கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, அரை கப் வெண்ணெய், இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள், கொஞ்சம் ஜாதிக்காய்த் துருவல். அடுப்பில் ஏற்றிய ஒரு மணி நேரத்தில் வீடே மணக்கும். அமெரிக்காவில் இதற்குப் பெயர் பனானா பிரெட். கேக் போல இனித்தாலும், நீள டின்னில் வார்த்துச் சுட்டு, ரொட்டியைப் போல வில்லை போட்டுத் தின்பதால் பிரெட். ஈஸ்ட் போட்டு மாவு பொங்கும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதால் இந்த வகை முழுவதையும் குயிக் பிரெட் என்கிறார்கள். அவசர ரொட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

இது பிறந்த இடத்தைத் தேடிப் போனால் வாழைத்தோப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு சாம்பல் மேடு வருகிறது.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் குடியேறிய ஐரோப்பியர்கள் காட்டை அழித்து வயலாக்கினார்கள். வெட்டிய மரங்களை எரித்ததில் சாம்பல் குவிந்தது. அதில் தண்ணீர் ஊற்றி வடித்து, அந்தக் காரநீரை இரும்புப் பானையில் சுண்டக் காய்ச்சினால் அடியில் ஓர் உப்பு தங்கும். பானையில் கிடைத்த சாம்பல் என்பதால் அது பொட்டாஷ். பொட்டாசியம் என்ற தனிமத்தின் பெயரே இதிலிருந்து வந்ததுதான். அந்த உப்பை மறுபடி சூளையில் சுட்டு அழுக்கை நீக்கினால் கிடைக்கும் வெள்ளைத் தூளுக்கு முத்துச் சாம்பல் என்று பொருள்படும்படி பேர்ல் ஆஷ் என்று பெயர் வைத்தார்கள். சோப்புக்கும் கண்ணாடிக்கும் அது தேவைப்பட்டது; இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அமெரிக்க அரசு வழங்கிய முதல் காப்புரிமையும் இந்தச் சாம்பலுக்குத்தான். 1790 ஜூலை 31 அன்று, பொட்டாஷையும் முத்துச் சாம்பலையும் செய்யும் புதிய முறைக்காக சாமுவேல் ஹாப்கின்ஸ் அதைப் பெற்றார். கையெழுத்திட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன்.

அந்தத் தூளில் ஒரு சிட்டிகையை எடுத்து முதன்முதலில் மாவில் போட்ட பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவளைப் போன்றவர்களின் கைப்பக்குவம் 1796இல் அச்சேறியது. கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரில் வெளிவந்த 'அமெரிக்கன் குக்கரி', அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சான முதல் சமையல் நூல் எனக் கருதப்படுகிறது. எழுதிய அமெலியா சிம்மன்ஸ் தன்னை ஓர் அமெரிக்க அநாதை என்று முதல் பக்கத்திலேயே அறிமுகம் செய்துகொள்கிறார். அந்தப் புத்தகத்தின் ஜிஞ்சர்பிரெட் ஒன்றில் நான்கு பவுண்டு மாவுக்கு நான்கு தேக்கரண்டி முத்துச் சாம்பல். கூடவே மொலாசஸ் என்ற கரும்புக் கழிவுப் பாகு, பட்டைத்தூள், கொஞ்சம் கொத்தமல்லி விதை. இனிப்பு ரொட்டியில் கொத்தமல்லி விதை என்று படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது.

அந்தக் கலவையில் நடப்பது இதுதான். முத்துச் சாம்பல் ஒரு காரம். மொலாசஸில் லேசான அமிலம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் கரியமில வாயு வெளிப்பட்டு மாவைத் தூக்கிவிடும். ஈஸ்ட் பல மணி நேரம் எடுத்துச் செய்யும் வேலை, அல்லது முட்டையைக் கை ஓய அடித்துக் காற்றேற்றும் வேலை, நிமிடங்களில் முடிந்துபோகும். நமக்கு இது அந்நியமான சங்கதி அல்ல. அப்பளம் பொரியும்போது விரிந்து கொடுக்க அப்பளக்காரம் போடுகிறோம். கள் ஊற்றிப் புளிக்க வைத்த ஆப்ப மாவுக்கு இன்று பல வீடுகளில் சோடாதான். அதனால்தான் அதற்கு ஆப்ப சோடா என்ற பெயரே நிலைத்தது.

முத்துச் சாம்பலுக்கு ஒரு குறை இருந்தது. கொழுப்போடு சேர்ந்தால் சோப்பு வாடை அடிக்கும். சோப்புச் செய்யும் சரக்குதானே. 19ஆம் நூற்றாண்டில் அதன் இடத்துக்கு சோடியம் பைகார்பனேட், அதாவது நம் ஆப்ப சோடா, வந்தது. 1846இல் ஜான் டுவைட், ஆஸ்டின் சர்ச் என்ற இருவர் நியூயார்க்கில் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். புளித்த பாலோ மோரோ இல்லாத வீட்டில் அமிலத்துக்கு எங்கே போவது? ஒயின் பீப்பாயின் உட்சுவரில் படியும் உப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து எடுத்த கிரீம் ஆஃப் டார்ட்டர் அதற்கு உதவியது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரரின் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை. அவளும் ரொட்டி சாப்பிட வேண்டும் என்று 1843இல் காரத்தையும் அமிலத்தையும் ஒரே தூளாகக் கலந்து வைத்தார் அவர். ஹார்வர்டின் வேதியியல் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்ட் 1856இல் காப்புரிமை பெற்ற பேக்கிங் பவுடரில் ஒயின் உப்புக்குப் பதிலாக ஒரு பாஸ்பேட் இருந்தது. ஆரம்பத்தில் அதை எடுத்தது மாட்டு எலும்பிலிருந்து.

எரித்த மரத்தின் சாம்பல், கரும்பு ஆலையின் கழிவுப் பாகு, பீப்பாயின் வண்டல், கசாப்புக் கடையின் எலும்பு. ஒதுக்கித் தள்ளியவை ஒவ்வொன்றாக வந்து இந்த ரொட்டியை வளர்த்திருக்கின்றன. கருத்த வாழைப்பழம் இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது.

1876இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் ஒற்றை வாழைப்பழத்தைத் தகரத்தாளில் சுற்றிப் பத்து சென்ட்டுக்கு விற்றார்கள். அவ்வளவு அபூர்வம். கால் நூற்றாண்டுக்குள் நிலைமை தலைகீழானது. குளிர்பதனக் கப்பல்களும் ரயில்களும் வந்தன. 1899இல் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி உருவானது. மத்திய அமெரிக்காவின் தோட்டங்களிலிருந்து வந்த பழம் ஏழைகளின் மேசைக்கும் போனது. அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். 1928 டிசம்பரில் கொலம்பியாவின் சியெனகா நகரில், வேலைநிறுத்தம் செய்த அந்தக் கம்பெனியின் தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டுக் கொன்றது. பழ ரொட்டியின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. வேலை போன வீடுகளில் எதையும் வீசியெறிய மனம் வரவில்லை. மாவும் பேக்கிங் பவுடரும் விற்ற கம்பெனிகள், தங்கள் சரக்கு செலவாகட்டும் என்று சமையல் குறிப்புப் புத்தகங்களாக அச்சிட்டுத் தள்ளின. 1933இல் பில்ஸ்பரி மாவுக் கம்பெனி வெளியிட்ட புத்தகத்தில் பனானா பிரெட் இருக்கிறது. அந்தப் பத்தாண்டுகளிலேயே அது அமெரிக்க வீடுகளின் அன்றாடப் பலகாரமாகிவிட்டது. பழம் அழுகும் தறுவாயில் இருப்பது இங்கே வசதி. மாவுச்சத்து சர்க்கரையாகி இருக்கும், சதை குழைந்திருக்கும், சோடாவைக் கிளப்பிவிடத் தேவையான அமிலமும் அதிலேயே கொஞ்சம் உண்டு.

ஆனால் 1933இல் அவர்கள் பிசைந்த பழத்தை நாம் பிசைவதில்லை. அன்று கடைகளுக்கு வந்தது குரோ மிஷேல் என்ற ரகம். மண்ணில் பரவிய பனாமா வாடல் நோய் அந்தத் தோட்டங்களைச் சாய்த்த பிறகு, 1960களில் கேவண்டிஷ் அந்த இடத்தைப் பிடித்தது. நம் பச்சைப்பழமும், தேனிப் பக்கம் விளையும் ஜி9 பழமும் அதே கேவண்டிஷ் குடும்பம்தான். பட்டையிலும் இப்படி ஒரு மாற்றம். அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது காசியா எனப்படும் தடித்த பட்டை. இலங்கையின் சுருள் பட்டை மெல்லியது, காரம் குறைவு. எனக்கு இந்த ரொட்டிக்கு இலங்கைப் பட்டைதான் பிடிக்கும்; அது பழத்தின் மணத்தை அமுக்குவதில்லை.

2020 ஊரடங்கில் அமெரிக்கக் கடைகளில் ஈஸ்ட் தீர்ந்துபோனது. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் மறுபடி கருத்த பழத்தையும் சோடாவையும் தேடினார்கள்.

செய்யும்போது இரண்டு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். மைதாவைப் போட்ட பிறகு அதிகம் கலக்கக் கூடாது. கலக்கக் கலக்க மாவில் இழை பிடித்து ரொட்டி ரப்பராகும். அங்கங்கே சின்னக் கட்டி தெரிந்தால் விட்டுவிடலாம். இன்னொன்று, சோடாவை அளந்துதான் போட வேண்டும். கூடினால் ஹார்ட்ஃபோர்ட் காலத்துச் சோப்பு வாடை வரும். ஓவன் 180 டிகிரியில் முன்கூட்டியே சூடாகி இருக்கட்டும். சோடா கலந்ததுமே பழக்கூழில் சின்னச் சின்னக் குமிழ் எழத் தொடங்கிவிடும். வாயு வீணாவதற்குள் டின்னை உள்ளே தள்ளிவிடுங்கள். மேல்தோல் முதலில் இறுகிவிட, உள்ளே இருக்கும் மாவு பிறகு பொங்கி, நடுவில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு விழும். அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். அந்த வெடிப்பு வழியாகத்தான் பட்டை மணம் முதலில் வெளியே வரும்.