தோத்த மீன் எங்கே போகும்? – கடல் தொட்டிச் சண்டைகளின் கதை

வீட்டுல கடல் மீன் தொட்டி இருக்குன்னு சொன்னா நண்பர்கள் ரெண்டு கேள்வி கேப்பாங்க. ஒண்ணு, "அம்பத்தூர்ல கடல் தண்ணிக்கு எங்கடா போறே?" இன்னொண்ணு, "ஏன் இதுங்க இப்படி அடிச்சுக்குது?"

முதல் கேள்விக்கு பதில் சுலபம். ஆர்.ஓ. தண்ணியில பாக்கெட் கடல் உப்பைக் கலக்கறதுதான். ரெண்டாவது கேள்விக்கு விடை தேடிப் போனா அது நூறு வருஷத்துக்கு மேல பின்னாடி இழுத்துட்டுப் போகுது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே :-)

நம்ம ஊர்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். 1909-லேயே மெரினாவுல பொதுமக்களுக்காக ஒரு மீன் காட்சியகம் திறந்தாங்க. அதுக்குப் பின்னாடி இருந்தவர் சென்னை அருங்காட்சியகத்தோட கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்திய சாதிகளையும் பழங்குடிகளையும் பத்தி ஏழு தொகுதி எழுதினாரே, அதே ஆள்தான். இரண்டாம் உலகப் போர் சமயத்துல அந்தக் காட்சியகத்தை மூடிட்டாங்க.

அவங்களுக்கு வாசல்லயே கடல். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்காரங்களுக்கு வாசல்ல இருக்கறது ஏரிதான். கடல் உப்புக் கலவை 1960கள்ல கடைக்கு வந்த பிறகுதான் உலகம் முழுக்க கடலுக்குத் தள்ளி இருக்கறவங்களும் இந்த வேலையில துணிஞ்சு இறங்கினாங்க. ஆனா ஒவ்வொரு லிட்டரையும் கையால தயாரிக்கணும்னா தொட்டி சின்னதாத்தான் இருக்கும். பிரச்சனை அங்கதான் ஆரம்பம்.

இந்தச் சண்டையை உட்கார்ந்து கவனிச்சு எழுதினவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரியாக்காரர் கான்ராட் லோரன்ஸ். 1973-ல நோபல் பரிசு வாங்கினவர். ஆக்கிரமிப்பு குணத்தைப் பத்தி 1963-ல அவர் எழுதின புத்தகம் பவளப்பாறை மீன்கள்லேர்ந்துதான் தொடங்குது. ஃபுளோரிடா கடல்ல முங்கிப் பார்த்தார், தொட்டியில வெச்சும் பார்த்தார். சுவரொட்டி மாதிரி பளிச்சுன்னு நிறம் இருக்கற மீன்கள் முக்கியமா தன் இனத்தைத்தான் அடிக்குதுன்னு சொன்னார். அந்த நிறமே "இது என் ஏரியா"ங்கற போர்டுதான்னு அவரோட விளக்கம். கடல்ல எல்லை தாண்டி வந்த மீன் நாலு கடி வாங்கிட்டு ஓடிப்போயிடும், சண்டை அதோட முடிஞ்சுது. தொட்டியில அது எங்க ஓடும்? (இதையே மனுஷங்களுக்கும் நீட்டி அவர் எழுதினதைப் பலர் ஏத்துக்கலை. அது தனிக் கதை.)

அவர் சொன்னது முழுசும் சரியில்லைன்னு 1971-ல ரோஜர் லோ காட்டினார். ஆஸ்திரேலியப் பவளப்பாறையில ஒரு வகை டாம்செல் மீனைக் கவனிச்சப்போ, அது வேற இன மீன்களையும் விரட்டுச்சு. ஆனா எல்லாத்தையும் இல்லை. பாசி தின்னுற மீன்களைத் துரத்தும், மத்ததைப் பெரும்பாலும் கண்டுக்காது. நம்ம ஊர்ல வயல்ல ஆட்டை விரட்டுவாங்க, கொக்கை விரட்டமாட்டாங்க இல்லையா? அதே கணக்குதான். தொட்டிக்கு மீன் சேர்க்கறப்போ "ரெண்டும் ஒரே இனமா?"ன்னு மட்டும் பார்த்தா பத்தாது. ஒரே சாப்பாட்டுக்குப் போட்டியா, ஒரே பொந்துக்குப் போட்டியான்னும் பார்க்கணும்.

அடுத்து நம்ம நீமோ. க்ளவுன் மீன் கூட்டத்துல இருக்கறதுலயே பெருசுதான் பொண்ணு. ரெண்டாவது பெருசு அதோட ஜோடி ஆண். மத்ததெல்லாம் வரிசையா சின்னது. பொண்ணு செத்துப்போனா அந்த ஆண் பொண்ணா மாறிடும். ஃப்ரிக்கே தம்பதி 1977-ல நேச்சர் இதழ்ல இதை எழுதினாங்க. அந்தக் கணக்குப்படி பார்த்தா 'ஃபைண்டிங் நீமோ'வுல அப்பா அம்மாவா மாறியிருக்கணும் :-) படம் வந்த அதே 2003-ல பீட்டர் பஸ்டன் இன்னொண்ணு கண்டுபிடிச்சார். வரிசையில கீழ இருக்கற மீன், மேல இருக்கறதோட உயரத்துக்கு வந்துடாதபடி தன் வளர்ச்சியையே அடக்கி வெச்சுக்குது. வளர்ந்தா அடி, சில சமயம் வெளியேற்றம்.

அதனாலதான் க்ளவுன் ஜோடி வேணும்னா ரெண்டு குட்டியா, அதுலயும் ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா வாங்கச் சொல்றாங்க. வளர்ந்த ரெண்டு பொண்ணை ஒண்ணா விட்டா பெரும்பாலும் ஒண்ணுதான் மிஞ்சும்.

இந்த ஹாபியோட பழைய வழக்கம் ஒண்ணும் இதுல சேருது. புதுத் தொட்டியில நல்ல பாக்டீரியா வளரணும்னு, விலை மலிவு, எதையும் தாங்கும்னு முதல்ல டாம்செல்லைத்தான் விடுவாங்க. தண்ணி சரியாகிறதுக்குள்ள முழுத் தொட்டியும் அதோட ஏரியா ஆயிடும். அப்புறம் வர்றதுக்கெல்லாம் அடி. இன்னிக்கு மீனே இல்லாம, அம்மோனியா சொட்டு விட்டே தொட்டியைத் தயார் பண்ணலாம்.

இப்ப இருக்கற மத்த வழிமுறைகளையும் இந்தக் கண்ணோட பாருங்க. சாதுவை முதல்ல விடு, முரடனைக் கடைசியா விடு: எல்லைக்கோடு போட அவனுக்கு நேரம் கொடுக்காதே. புது மீன் வரும்போது கல்லை மாத்தி அடுக்கு: பழைய எல்லைக்கோட்டை அழி. விளக்கை அணைச்சிட்டு விடு, இல்லைன்னா சில நாள் ஓட்டை போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள்ள வை: அடி விழாமலே பழகட்டும். நிறைய பொந்து வை: ஓட இடம் கொடு. எல்லாமே, கடல்ல இருந்து நம்ம தொட்டியில இல்லாம போன 'தப்பிக்கும் வழி'க்கு ஈடு கட்டறதுதான்.

பொந்து வைக்கறேன்னு பவளத்தை மட்டும் வாங்கிடாதீங்க. 2001-லேர்ந்து பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட பாதுகாப்புல இருக்கு. செராமிக் கல்லு போதும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சீரியஸா எழுதறேன்னா, கடைக்கு வர்ற கடல் மீன்கள்ல பெரும்பாலான இனங்கள் பண்ணையில பொரிச்சது இல்லை, பவளப்பாறையில பிடிச்சது. கொளத்தூர் கடைகள்ல கிடைக்கிற கப்பி, மோலி மாதிரி செத்தா இன்னொண்ணுன்னு நினைக்க முடியாது. மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட மையமும், பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையமும் க்ளவுன் மீனைப் பொரிக்க வெச்சு வளர்த்துக் காட்டியிருக்காங்க. பண்ணை மீன் கிடைச்சா அதையே வாங்குங்க.

கடைசியா ஒண்ணு. எத்தனை மீன் வாங்கலாம்னு கணக்கு போடறதுக்கு முன்னாடி, தோத்த மீனை எங்க மாத்தி வெப்பீங்கன்னு முடிவு பண்ணுங்க. ஒரு சின்னத் தொட்டி, ஒரு ஃபில்டர், கொஞ்சம் உப்புத் தண்ணி எப்பவும் தயாரா இருக்கட்டும். அதுக்கு வீட்டுல இடமில்லைன்னா, அந்த முரட்டு மீனுக்கும் இடமில்லைன்னு அர்த்தம்.

உங்க தொட்டியில யார் ரவுடி? பின்னூட்டத்துல சொல்லுங்க.