குறும்பலாவும் நம் குலத்தொழிலும்

தென்காசியினின்று குற்றாலம் சென்று, பேரருவியைக் கண்டபின் மலையடிவாரமாகச் சுமார் 5 கிலோமீட்டர் ஏகுவார்க்கு ஐந்தருவி தோன்றும். சாரற் காலத்தே அங்கு நீராடச் செல்லும் நம் சங்கத்து அன்பர் பலரும், மீளும் வழியில் பலாப்பழம் வாங்காது வீடு திரும்புவதில்லை. பழத்தைச் சுமந்து வருகின்றோம். அது பழுத்த மரத்தையோ ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தச்சுத் தொழிலைக் குலத்தொழிலாக உடைய நமக்கு இது தகுமோ?

குற்றாலநாதர் திருக்கோயிலின் தலமரம் குறும்பலா என்பது யாவரும் அறிந்ததே. திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகமும், குறும்பலாவின் பெயரால் வேறொரு பதிகமும் அருளியுள்ளார். ஒரு மரத்துக்கு இத்துணைப் பெருமை வாய்த்த வரலாற்றை விரிக்கப் புகின் இவ்விதழின் பக்கங்கள் போதா. நாம் ஈண்டு ஆராயப் புகுவது, அம்மரம் கோயிலை விட்டு நம்மவர் வீட்டு நிலையிலும் கதவிலும் புகுந்த வரலாற்றையேயாம்.

இக்காலத்தார் மரம் என்றவுடன் தேக்கு என்கின்றனர். தேக்கின் சிறப்பை நாம் மறுப்போமல்லேம். ஆயினும் அம்மரம் நெடுங்காலம் குடிமக்கள் கைக்கு எளிதில் எட்டாததாய் இருந்தது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஐந்தருவிக்கு அண்மையிலுள்ள செங்கோட்டை, 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி சென்னை மாகாணத்தோடு இணையும்வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அவ்விராச்சியத்தில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகிய நான்கும் இராஜ விருட்சங்கள் எனப்பட்டன. ஒருவன் தன் சொந்த நிலத்திலே வளர்ந்தனவாயினும் அவை அரசர்க்கே உரியன. மலபாரிலோ, கும்பினியார் கப்பல் கட்டுதற்குத் தேக்கை வேண்டி, 1806-இல் காப்டன் வாட்சன் என்பாரை வனக் காவலராக நியமித்தனர். மறு ஆண்டே தேக்கின் மேல் கும்பினியின் தனியுரிமை பறைசாற்றப்பட்டது. குடிகளின் முறையீடு மிகவே, சர் தாமஸ் மன்றோ சென்னைக் கவர்னராயிருந்த 1823-இல் அவ்வுத்தியோகம் ஒழிக்கப்பட்டது.

இஃதிங்ஙனமிருக்க, வீடு கட்டுவோன் யாது செய்வான்? கொல்லைப் புறத்துப் பலாவை நோக்கினான். பாட்டன் நட்ட மரம். பழம் ஓய்ந்த காலத்தே பேரனுக்கு நிலையும் கதவுமாயிற்று. மலையடிவாரத்துப் பழைய வீடுகளில் பலாவும், அதன் இனத்ததாகிய அயனியும் மிகுந்திருத்தற்கு இவ்வரச கட்டளைகளே பெருங்காரணம் என்பது எம் துணிபு. 1904-இல் கொல்லம் செங்கோட்டை இருப்புப்பாதை திறந்தபின் மலைக்கு அப்பாலிருந்து சரக்கு வருதல் எளிதாயிற்று. இன்றோ பர்மாவினின்றும் ஆப்பிரிக்காவினின்றும் வரும் தேக்கு மரவாடிகளில் அடுக்கப்பட்டிருக்கிறது.

வேறு வழியின்மையால் மட்டுமே பலாவைக் கொண்டனர் எனக் கருதுதல் பிழை. பலாவின் வைரம், அறுத்த அன்று பசும்பொன் நிறமுடையது. வெளிச்சம் படப்பட ஆண்டுதோறும் சிவந்து, முடிவில் கருஞ்செம்மை எய்தும். வார்னிஷ் வேண்டாது வயதினாலேயே அழகு பெறும் மரம் இது. கறையானும் பூஞ்சணமும் வைரத்தை எளிதில் அணுகா. வைரத்தைச் சூழ்ந்த வெளிறோ அங்ஙனமன்று. விரைவில் உளுத்துப் போம். வெளிறோடு சேர்த்து அறுத்த பலகையைக் கொடுத்துவிட்டுப் பலா உழைக்காது என்று மரத்தைப் பழிப்பது அறுத்தவன் குற்றமன்றி மரத்தின் குற்றமாகாது. எடை, உலர்ந்தபின் கன அடிக்குச் சுமார் 17 கிலோ. தேக்கினும் சற்றே குறைவு. உளிக்கும் இழைப்புளிக்கும் இணங்கும். வலிமையில் தேக்குக்கு ஒருபடி தாழ்ந்ததாகலின், நீண்ட உத்தரத்துக்கும் விட்டத்துக்கும் பலாவை இடுதல் ஏற்றதன்று. நிலை, கதவு, பெட்டி, அலமாரி, கட்டில் இவற்றுக்கு அது குறைவற்றது.

பதப்படுத்துதலில் நம் முன்னோர் அவசரப்பட்டாரல்லர். வெட்டிய கட்டையின் இருமுனையிலும் சாணம் பூசி நிழலிற் கிடத்துவர். பலகையாக அறுத்தபின் இடையிடையே சட்டமிட்டு அடுக்கிக் காற்றோட விடுவர். முனை விரைந்து உலர்ந்தால் பிளவு உள்ளோடும். சாணப் பூச்சு அதனைத் தடுத்தற் பொருட்டே. இன்று கேட்ட வாரத்திலே கதவு வேண்டும் என்கின்றனர். ஈரப்பலகையிற் செய்த கதவு அடுத்த கோடையில் வளைந்தபின் தச்சனையே வைகின்றனர்.

கலைத்தொழிலில் பலா எட்டிய உயரத்தைக் காண விரும்புவோர் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்க. அதன் மிகப் பழைய பகுதியாகிய தாய்க் கொட்டாரத்தில், ஒரே பலாமரத்திற் செதுக்கிய தூண் ஒன்று நிற்கின்றது. தேக்கெல்லாம் தமக்கே உரிய அரசர் குடியும் தம் இல்லத்துத் தூணுக்குப் பலாவைக் கொண்டது கருதத்தக்கது.

இனி இசைக்கருவிகள். தஞ்சாவூர் வீணைக்குப் பலாவே மரம். குடமும் தண்டியும் யாளிமுகமும் ஒரே கட்டையிற் குடைந்தெடுப்பது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைப்பது ஒட்டு வீணை. முன்னதற்குப் பருத்த முதுமரம் வேண்டும். அதற்கு வேண்டும் மரத்தைப் பண்ணுருட்டிப் பக்கத்தினின்று பெறுகின்றனர். 2013-இல் அவ்வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மிருதங்கமும் தவிலும் பலாக் கட்டையிற் குடைந்தனவே. குறியீடு வந்தென்ன? நாற்பது ஐம்பது ஆண்டு நின்ற பலா, சூளை விறகாகப் போகுமாயின் ஏகாண்ட வீணைக்குக் கட்டை எங்கிருந்து வரும்?

அறுத்த தூளும் வீணன்று. அதனை நீரிற் கொதிக்கவைத்து வடித்தால் மஞ்சட் சாயம் இறங்கும். பௌத்த துறவிகளின் சீவர ஆடைக்கு நிறமூட்டப் பயன்பட்டது இச்சாயமே. தாய்லாந்தின் வனவாசத் துறவிகள் இன்றும் பலாச் சீவலைக் காய்ச்சுகின்றனர்.

இலங்கையார் இம்மரத்தைப் போற்றுமாறு நம்மவர்க்குத் தெரிதல் நலம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆர்தர் டயஸ் என்னும் பெரியார், நாடெங்கும் பத்து லட்சம் பலாக் கன்றுகள் நடவேண்டுமென்று இயக்கம் நடத்தினார். மக்கள் அவரைப் ‘பலா மாமா’ எனப் பொருள்படும் சிங்களப் பெயரால் அழைத்தனர். 1951-இல் பலா, ஈரப்பலா முதலியவற்றை அனுமதியின்றி வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அங்கு ஏற்பட்டது.

நம்மூர்களில் பழைய வீட்டை இடிக்கும்போது, கதவும் நிலையும் கறுத்த கட்டை என்று எடைக்கு விற்கப்படுகின்றன. அன்பர்கள் விற்குமுன், கதவின் உட்புற மூலையில் இழைப்புளியால் ஒரே ஒரு சீவல் எடுத்துப் பார்ப்பாராக. கருமைக்குக் கீழே பொன்னிறம் தோன்றுமாயின், அது பெரும்பாலும் பாட்டன் கொல்லையில் நின்ற பலாவேயாம்.