கரிசல்ல ஓடின நாயும் மூணாவது மாடியும்

போன மாசம் நோம்பிக்கு வந்திருந்த அக்கா மகன், சாப்பிட்டு முடிச்சுட்டுத் திண்ணைல உட்கார்ந்து போனைக் காட்டினான். வயிறு ஒட்டி, முதுகு வில்லு மாதிரி வளைஞ்ச ஒரு நாய்.

"மாமா, இதுக்குப் பேரு விப்பெட். கோயமுத்தூர்ல ஒருத்தர்கிட்ட குட்டி இருக்குதுங்க. இல்லீன்னா நம்ம சிப்பிப்பாறையே வாங்கிரலாமான்னு யோசனை. ரெண்டும் ஒரே மாதிரிதானுங்களே?"

பார்க்க ஒரே மாதிரிதான். நீள மூஞ்சி, ஆழமான நெஞ்சு, ஒடிஞ்சுரும் போல இடுப்பு. ரெண்டுமே மோப்பத்தை விடக் கண்ணை நம்பி ஓடற சாதி. முழு வேகத்துல ஓடறப்போ ஒவ்வொரு பாய்ச்சல்லயும் நாலு காலும் ரெண்டு தரம் தரையை விட்டு எழும்பும். ஆனா ரெண்டும் வளர்ந்த வீடு வேற வேற. அக்கா மகன் இருக்கறது மூணாவது மாடி. வாசல்ல படுத்திருந்த எங்க மணியோட கதை அவனுக்கு அரைகுறையாத்தான் தெரியும்.

முதல்ல விப்பெட்டைச் சொல்லிடறேன். 19ஆம் நூற்றாண்டு, வட இங்கிலாந்து, நிலக்கரிச் சுரங்க ஊர்கள். அங்கே கிரேஹவுண்ட் நாய் வச்சிருந்தது நிலமும் பரம்பரையும் உள்ள சீமான்கள். சுரங்கத்துல வேலை செய்யறவனுக்கு அது கட்டுபடியாகாது. அதனால அதே உருவத்துல சின்னதா ஒரு நாயை வளர்த்தெடுத்தாங்க. குழிமுயல் பிடிக்கும், ஞாயித்துக்கிழமை பந்தயமும் ஓடும். பந்தயம் எப்படின்னா, நாய்க்காரர் 200 கெஜம் தள்ளி நின்னு ஒரு துணியை ஆட்டுவாரு. நாய் அந்தத் துணியைப் பார்த்து ஓடணும். பன்னெண்டு செகண்டு பக்கம், அவ்வளவுதான் ஆட்டமே. அதனாலதான் ஏழையோட பந்தயக் குதிரைன்னு அதுக்குப் பேர் வந்துச்சு. ராத்திரி அது படுக்கறது சுரங்கக்காரரோட ரெண்டு அறை வீட்டுக்குள்ள, பிள்ளைகளோட போர்வைக்குள்ள. 1888ல அமெரிக்க கென்னல் கிளப் அதைத் தனி இனமா ஏத்துக்கிச்சு. கொஞ்ச வருசத்துல இங்கிலாந்துலயும் ஏத்துக்கிட்டாங்க. ஆக, அந்த நாய்க்குச் சின்ன வீடு புதுசு இல்லை. ஒரு குட்டி ஓட்டம், அப்புறம் நாள் பூரா தூக்கம், அதுவே அதோட பொழப்பு.

சிப்பிப்பாறை அப்படி வந்த நாய் இல்லைங்க.

அது விருதுநகர் மாவட்டத்துல ஒரு ஊரோட பேரு. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டின்னு நீளற கரிசல் காடு. பருத்தியும் கம்பும் அறுத்துட்டா கண்ணுக்கெட்டின தூரம் வெறும் கறுப்பு மண்ணு. வேலி கிடையாது, மறைப்பு கிடையாது. அந்த வெளியில ஒரு மொசல் கிளம்புச்சுன்னா தூரத்துல இருந்தே தெரியும். அதைப் பார்த்து விரட்டி, அது வளைஞ்சு திரும்பறப்போ தானும் திரும்பிப் பிடிக்கணும். இந்த வேலைக்குன்னே ஊர்ப் பெரிய குடும்பங்கள் வளர்த்த நாய்தான் சிப்பிப்பாறை. கறுப்பு உடம்புல பழுப்புக் கால் இருந்தா கன்னிம்பாங்க. குட்டியை விலைக்கு விக்கறது கௌரவக் குறைச்சல், வேண்டியவங்களுக்குக் கொடுக்கறதுதான் வழக்கம்னு அந்தப் பக்கத்துப் பெரியவங்க சொல்லக் கேட்டிருக்கேன். ஒரு ஆளுக்குத்தான் கட்டுப்படும், வேத்தாள் தொட்டா ஒதுங்கிப் போகும்னும் சொல்வாங்க. எங்க மணியும் அப்படித்தான். எம் பொண்டாட்டி எட்டு வருசமா சோறு வைக்கறா, ஆனா அது வாலாட்டறது எனக்கு மட்டும்தான். அதுல அவளுக்கு இன்னும் ஒரு வருத்தம் இருக்குது.

இதைப் பத்தி நிறைய எழுதினவர் நம்ம தாராபுரத்துல பொறந்த சு. தியடோர் பாஸ்கரன். 2017ல இந்திய நாய்களைப் பத்தி இங்கிலீஷ்ல அவரோட புத்தகம் ஒண்ணு வந்துச்சு. நாய் வாங்கற முன்னாடி அதைப் படிங்கன்னு நான் எல்லார்த்துகிட்டயும் சொல்றேன். யாரும் படிச்சதா தெரியல.

சரி, நம்ம காங்கேயத்துல ஏன் இந்த மாதிரி ஓட்ட நாய் பெருசா வேரூணல? எனக்குத் தோணற காரணம் நம்ம கொரங்காடு. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன், கொரங்காடுன்னா மானாவாரி மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லு, நடுநடுவே வெள்வேல மரம், சுத்தி கிளுவை முள்வேலி. சின்னச் சின்னதா அடைச்சு, மாத்தி மாத்தி மேய விடுவோம். காங்கேயம் மாடும் செம்மறியும் இதுலதான் பொழைக்குது. பழையகோட்டைப் பட்டக்காரர் வீட்டுக் காளைகள் பேர் வாங்கினதும் இந்தப் புல்லுலதான். அம்பது கெஜத்துக்கு ஒரு வேலி இருக்கற காட்டுல தலைதெறிக்க ஓடற நாயை விட்டா, தோல் கிழிஞ்சுதான் திரும்பி வரும். அந்த நாய்க்குத் தோல் காகிதம் மாதிரி. இங்க எங்களுக்கு வேண்டியிருந்தது பட்டிக்கு வெளியில படுத்து, நரி வந்தாலும் திருடன் வந்தாலும் குரைக்கற நாய். எங்க அப்பாரு காலத்துல சாளைல இருந்தது எல்லாமே அந்த ரகம்தான், சாதிப் பேரெல்லாம் கிடையாது.

அந்தக் காவல் நாய்க்குத் தமிழ்நாட்டுல கல்லே நட்டிருக்காங்க. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல ஒரு நடுகல், மகேந்திரவர்ம பல்லவனோட 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமையைக் காக்கற சண்டைல செத்த வீரனுக்கு எடுத்த கல்லுல அவனோட நாயையும் செதுக்கி, அதோட பேரையும் வெட்டி வச்சிருக்காங்க. கோவிவன். அந்த நாய் ரெண்டு கள்ளனைக் கடிச்சுக் காவல் நின்னதுன்னு எழுத்து சொல்லுது. ராசாக்கள் பேரே தேஞ்சு போன நாட்டுல ஒரு நாய் பேரு ஆயிரத்து நானூறு வருசமா நிக்குது பாருங்க.

கரிசல் பக்கம் கதை வேற மாதிரி திரும்புச்சு. 1972ல வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. மொசல் பிடிச்சா கேஸு. அது சரியான சட்டம்தான், நான் குறை சொல்லல. ஆனா அந்த நாயோட வேலை அன்னிக்கே போச்சு. அந்தப் பக்கத்து வெட்டவெளியையும் பாதிக்கு மேல சீமைக்கருவேலம் மூடிருச்சு. ஓட இடமும் இல்லை, விரட்ட ஒண்ணும் இல்லை. 1980கள்ல அரசாங்கம் சைதாப்பேட்டைல நாய்ப் பண்ணை வச்சு நாட்டு இனங்களைப் பெருக்கப் பார்த்துச்சு. 2005ல தபால்துறை நாலு இந்திய நாய்களுக்கு ஸ்டாம்பு போட்டுச்சு. அதுல ராஜபாளையம் இருந்துச்சு, சிப்பிப்பாறை இல்லை. அப்புறம் 2017 ஜனவரி, மெரினா. சல்லிக்கட்டுக்காகக் கூடின கூட்டம் கலைஞ்ச பிறகு காங்கேயம் காளைக்கு வந்த மவுசு நாட்டு நாய்க்கும் வந்துச்சு. 2020 ஆகஸ்ட்ல பிரதமரே ரேடியோவுல சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு பேர் சொன்னாரு. கர்னால்ல இருக்கற தேசிய விலங்கு மரபுவள அமைப்பு ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனமாப் பதிவு பண்ணிருச்சு. சந்தோசம்தான். ஆனா வாங்கினவங்கள்ல பாதிப்பேரு வாங்கினது ஒரு பெருமையை. வீட்டுக்கு வந்தது நாய்.

அந்தப் பாதிப்பேர்ல நானும் ஒருத்தன்ங்க. 2017ல கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிநேகிதர் ரெண்டு குட்டி கொடுத்தாரு. ஒண்ணு சீக்கு வந்து செத்துப்போச்சு. மணியை, கோயமுத்தூர்ல இருக்கற ஒரு ஒறம்பரை ஆசையாக் கேட்டாருன்னு கொடுத்துட்டேன். அவரும் அபார்ட்மென்ட்தான். புருசன் பொண்டாட்டி ரெண்டுபேரும் வேலைக்குப் போனா பத்து மணிநேரம் நாய் தனியா. சோபாவைக் கிழிச்சுது. விலா எலும்பு தெரியறதைப் பார்த்து, சோறே போடறதில்லையான்னு பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தாங்க. அந்த இனத்துக்கு விலா தெரியறதுதான் ஆரோக்கியம்னு யாருக்குத் தெரியும்? ஒருநாள் காலைல பூனையைப் பார்த்துச்சு, கழுத்துப் பட்டையை உருவிட்டு ரோட்டைத் தாண்டுச்சு, பைக்ல அடிபட்டு முன்னங்கால் முறிஞ்சுது. பதினோரு மாசத்துல கட்டுப்போட்ட காலோட என்கிட்டயே திரும்ப வந்துச்சு.

கால் கூடினதும் எனக்கு ஒரு தெனாவட்டு. காட்டு நாய்க்குக் காடுதானே மருந்துன்னு ஒரு சாயங்காலம் அவுத்து விட்டேன். பக்கத்துக் காட்டுல செம்மறிக் குட்டிகள் துள்ளி ஓடிட்டிருந்துச்சு. நான் கூப்பிட்டது அது காதுலயே விழல. வேலியைத் தாண்டறதுக்குள்ள வயித்துல ஒரு சாண் கிழிசல், அதோடயே ஓடி ரெண்டு குட்டியைக் கொன்னுருச்சு. குட்டிக்காரம்மா எங்களுக்கு அத்தை முறை. பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கிட்டாங்க, ஆனா ஒரு வருசம் எங்க வாசப்படி மிதிக்கல. சின்ன வயசுலயே ஆட்டோட பழக்கியிருந்தா அப்படி ஆகியிருக்காதோ என்னவோ. பழக்கற வயசுல அது மூணாவது மாடில இருந்துச்சு.

இதை ஏன் இவ்வளவு விரிவாச் சொல்றேன்னா, காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் கொஞ்ச வருசமா நாய்கள் கூட்டமா வந்து பட்டில பூந்து ஆட்டைக் கடிச்சுப் போடறது பெரிய தும்பமாப் போச்சு. செத்த ஆட்டை ரோட்டுல போட்டு விவசாயிக போராட்டமே நடத்தியிருக்காங்க. பட்டணத்துல வளர்க்க முடியாத நாயைக் காரு டிக்கில ஏத்திக் கொண்டாந்து, கிராமத்துல பொழைச்சுக்கும்னு இறக்கி விட்டுட்டுப் போறவங்களும் இருக்காங்க. அது பொழைக்கறது எங்க ஆட்டுலதான்.

அக்கா மகன்கிட்ட நான் வேண்டாம்னு சொல்லல. சில கேள்வி கேட்டேன். காலைல அஞ்சரைக்கு எந்திரிப்பியா, மழை பேஞ்சாலுமா? நாலு பக்கமும் ஆறடிச் சுவர் இருக்கற இடம் பக்கத்துல எங்காச்சும் இருக்குதா? இல்லாத இடத்துல கயித்தை அவுக்கவே கூடாது, எத்தனை வருசம் பழகினாலும் சரி. பகல்ல வீட்டுல யாரு? கழுத்துப் பட்டைக்கு அகலமான தோல் வேணும், இந்த நாய்களுக்குக் கழுத்தை விடத் தலை சிறுசு, சாதாப் பட்டை உருவிரும். உடம்புல கொழுப்பு இல்லாததால மார்கழில சிமெண்டுத் தரைல படுக்கப் போடக்கூடாது. ஆபரேசன்னு வந்தா டாக்டர்கிட்ட இது ஓட்ட நாய்னு முன்கூட்டியே சொல்லணும், சில மயக்க மருந்து இதுகளுக்கு இறங்க நேரமாகும். பன்னெண்டு பதிமூணு வருசம் இருக்கும், அதுக்குள்ள நீ வெளிநாடு போனா?

விப்பெட்னா மாடி வீட்டுக்கு ஓரளவு சரிப்படும்னு சொன்னேன், சின்னதும்கூட. கோயமுத்தூர் வெயில்ல ஹஸ்கி வளர்க்கறவங்களை விட அது எவ்வளவோ மேல். சிப்பிப்பாறை வேணும்னா தரையோட வீடும், நாள் பூரா ஒரு ஆளும் வேணும். நாட்டு இனத்தைக் காப்பாத்தணும்னு ஆசை இருந்தா, கரிசல்ல இன்னும் விடாம வளர்க்கறவங்க இருக்காங்க, அவங்ககிட்ட போய் ரெண்டுநாள் தங்கிப் பார்த்துட்டு வான்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசல. "அப்ப மணியை நான் ஞாயித்துக்கிழமை வந்து நடக்கக் கூட்டிட்டுப் போகட்டுங்களா மாமா?"ன்னு கேட்டான். மூணு வாரமா வர்றான். அஞ்சரைக்குன்னு சொன்னா ஆறே காலுக்கு வர்றான். மணிக்கு வயசு எட்டு தாண்டிருச்சு, முறிஞ்ச காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கும். போன வாரம் அவன் காரு சத்தம் கேட்டதும் எந்திரிச்சு வாசல் வரைக்கும் போச்சு. எம் பொண்டாட்டி அதைப் பார்த்துட்டு உள்ள போயிட்டா.