வீணையும் வயலினும் : ஒரு தெரிவின் வரலாறு

விஜயதசமி நாளில் ஏடு தொடக்குவதற்கெனப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோரிற் சிலர், அன்றே இசையாசிரியர் ஒருவரின் வீட்டு வாசலையும் மிதிப்பதுண்டு. அங்கே எழும் முதல் வினா பெரும்பாலும் ஒன்றே: வீணையா, வயலினா? இவ்வினாவுக்குரிய விடை பிள்ளையின் விருப்பத்தையும் பெற்றோரின் வசதியையும் பொறுத்ததெனவே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆனால், அவ்விடை பெரும்பாலும் நமக்கு முன்னரே, நம்மைக் கேளாமலே தீர்மானிக்கப்பட்டு வந்துள்ளது. அதனைத் தீர்மானித்த சமூகக் காரணிகள் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒன்றைக் கூறிவிட வேண்டும். பிள்ளைக்குக் கருவியொன்றைத் 'தெரிதல்' என்பதே மிக அண்மைக் காலத்து வழக்கமாகும். பாணர் குடியிற் பிறந்தவன் யாழைத் தெரிந்தெடுத்தவனல்லன். யாழ் அவனுக்கு வாய்த்தது. தந்தையின் தொழிலே மகனின் கல்வியாயிருந்த சமுதாயத்தில், எதைக் கற்பிப்பது என்ற வினாவுக்கு இடமேயில்லை. அவ்வாறு வழிவழியாக வந்த யாழும் இறுதியில் மறைந்தே போயிற்று. அதன் மறைவுக்குக் காரணம் பலவாகலாம். எனினும் பெரியபுராணம் கூறும் நிகழ்ச்சியொன்று ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. சம்பந்தர் பாடிய பதிகமொன்றைத் தம் யாழில் அடக்கமுடியாத திருநீலகண்ட யாழ்ப்பாணர், அக்கருவியையே உடைக்க முற்பட்டார் என்பது அது. புராணச் செய்தியாயினும் இதனுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என அமைந்த கருவி, நெளிந்தும் வளைந்தும் செல்லும் குரலிசையைப் பின்தொடர்தல் அரிது. பின்வந்த நரம்புக் கருவிகள் யாவும் எதிர்நோக்கிய சோதனையும் இதுவே: மனிதக் குரலை இக்கருவி பின்தொடருமா? விபுலாநந்த அடிகளார் யாழின் இலக்கணத்தை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். நூல் கிடைத்தது, கருவி மீண்டும் பிள்ளைகளின் கைக்கு வரவில்லை. யாழ்ப்பாணர் ஒருவர் பெயரால் வழங்குவதென ஐதிகம் கூறும் ஊரிலேயே யாழ் கற்கும் பிள்ளை இல்லை என்பது நகைச்சுவையன்று, வரலாறு.

யாழ் விட்டுச் சென்ற இடத்தை வீணை பிடித்துக்கொண்டது. இன்று நாம் காணும் இருபத்துநான்கு மெட்டுக்களையுடைய வீணை, 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றது என்பர். பலாமரத்தாற் குடைந்த குடம், மெழுகிற் பதித்த பித்தளை மெட்டுக்கள், வாசிப்புக்கென நான்கு தந்திகள், தாளத்துக்கென மூன்று. நீளம் ஏறத்தாழ நான்கு அடி. ஐந்து வயதுப் பிள்ளையின் மடிக்கும் கைக்கும் இது எளிதில் அடங்காது. அதேவேளை, மெட்டுக்கள் இருப்பதால் சுரத்தானம் கண்ணுக்குத் தெரிகின்றது. தந்தியை இழுத்துக் கமகம் தரவும் முடிகின்றது. வயலினிலோ மெட்டுக்களே இல்லை. விரல் ஒரு நூலளவு தவறினும் சுரம் பிசகும். கற்கத் தொடங்கிய பிள்ளையின் வில், பல மாதங்களுக்கு வீட்டாரின் பொறுமையைச் சோதிக்கும் என்பதை அனுபவித்தோர் அறிவர். ஆகவே கற்றலின் எளிமை மட்டுமே அளவுகோலாயிருந்திருப்பின் வயலின் நம்மிடையே வேரூன்றியிராது.

அது வேரூன்றிய கதை மணலியில் தொடங்குகின்றது. சென்னைக்கு வடக்கேயுள்ள இவ்வூரின் முதலியார் குடும்பம், ஆங்கிலக் கம்பனியாருக்குத் துவிபாஷியாகப் பணிபுரிந்து பொருளும் செல்வாக்கும் ஈட்டியதாகும். திருவாரூரில் வாழ்ந்த இராமசுவாமி தீட்சிதர் இக்குடும்பத்தாரின் ஆதரவை நாடி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் மக்களுடன் மணலிக்கு வந்தார். மூத்த மகன் முத்துசுவாமி தீட்சிதர் வீணையிலே தேர்ந்தவர். இளைய மகன் பாலுசுவாமி தீட்சிதர் 1786இல் பிறந்தவர். கோட்டைக்கு அழைத்துச் செல்லப்பட்ட இச்சகோதரர் அங்கு ஆங்கிலேயரின் வாத்தியக் குழுவைக் கேட்டனர். பாலுசுவாமிக்கு வயலினில் ஈடுபாடு ஏற்படவே, புரவலர் ஐரோப்பிய இசைஞர் ஒருவருக்கு ஊதியம் கொடுத்து மூன்று ஆண்டுகள் கற்பிக்கச் செய்தார். முத்துசுவாமி தீட்சிதரோ தாம் கேட்ட மேனாட்டு மெட்டுக்களுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். நொட்டுஸ்வரம் என வழங்கும் அவ்வுருப்படிகள் ஏறத்தாழ நாற்பது. ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று.

இச்செய்தியை நாம் பெரும்பாலும் சுப்பராம தீட்சிதரின் வாயிலாகவே அறிகின்றோம். அவர் பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரர். அவராலேயே சுவீகாரம் செய்யப்பட்டவர். 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்த சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி, நிகழ்ச்சி நடந்து நூறு ஆண்டு கழிந்தபின், குடும்பத்தவர் ஒருவரால் எழுதப்பட்டது என்பதை மறத்தலாகாது. ஆயினும் அதன் மையச் செய்தியை ஐயுறுவதற்குக் காரணமில்லை. ஒரு வைதிகக் குடும்பம், வீணை வீட்டிலிருக்க, அந்நியர் கருவியொன்றை இளைய பிள்ளைக்குக் கற்பிக்க உடன்பட்டது. நமக்குத் தெரிந்தவரை, தென்னாட்டு இசை வரலாற்றில் ஒரு பிள்ளைக்குக் கருவி 'தெரியப்பட்ட' மிகப் பழைய சந்தர்ப்பங்களுள் இது ஒன்று. அத்தெரிவைச் சாத்தியமாக்கியது கோட்டையைச் சூழ எழுந்த புதுச் செல்வம். மரபு தானாக நெகிழவில்லை. நெகிழ்த்துவதற்கு ஒரு வர்க்கம் தோன்றியிருந்தது. பாலுசுவாமி பின்னர் எட்டயபுர அரசவை வித்துவானானார். தமையனார் முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தில் அங்கு சென்று, 1835இல் அவ்வூரிலேயே காலமானார்.

இதே காலத்தில் தஞ்சையிலும் வயலின் பரவியது. தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு (1810–1847) இதில் பெயர்பெற்றவர். திருவனந்தபுரத்துச் சுவாதித் திருநாள் மன்னர் அவருக்குத் தந்தத்தாலான வயலினொன்றை 1834இல் பரிசளித்தார் என்பர். வடிவேலு பாதிரியார் சுவார்ட்ஸிடம் வயலின் கற்றார் என்னும் கூற்றும் பல நூல்களிற் காணப்படுகின்றது. சுவார்ட்ஸ் பாதிரியார் தஞ்சையில் 1798இலேயே இறந்துவிட்டார்; அப்போது வடிவேலு பிறக்கவுமில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் பெயர்த்தெழுதுவதால் இத்தகைய தவறுகள் நீடிக்கின்றன. இசை வரலாற்றைப் பரீட்சைக் குறிப்பாக மட்டும் படிக்கும் மாணவர் இதனைக் கவனித்தல் நன்று.

இரவல் பெற்ற கருவி எவ்வாறு நமதாயிற்று? மரத்தில் எவ்வித மாற்றமும் செய்யப்படவில்லை. மாறியவை இரண்டு. மேனாட்டார் நான்கு தந்திகளையும் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில் கூட்டுவர். நம்மவர் மந்தர ஷட்ஜம், மந்தர பஞ்சமம், மத்திய ஷட்ஜம், மத்திய பஞ்சமம் எனக் கூட்டினர். மேனாட்டார் நின்றோ நாற்காலியிலிருந்தோ வாசிப்பர். நம்மவர் நிலத்தில் சம்மணமிட்டு, கருவியின் தலையை வலக்காலில் ஊன்றினர். இம்மாற்றத்தால் இடக்கை கருவியைத் தாங்கும் சுமையினின்றும் விடுபட்டது. விடுபட்ட கை தந்தியின் மீது தடையின்றி வழுக்கிச் சென்றது. யாழ்ப்பாணரைத் தோற்கடித்த நெளிவுகளெல்லாம் வில்லின் ஒரே இழுப்பில் கைகூடின. வில்லால் இசைக்கும் கருவிகள் சில நம் நாடுகளில் முன்னரே வழங்கின என்பது மெய்யே. அதனைக் கொண்டு வயலினும் நம்முடையதே என நிறுவ முயல்வோர் உளர். அம்முயற்சி வேண்டாதது. கருவி அவர்களுடையது, அதைக் கையாண்ட காது நம்முடையது.

குரலைப் பின்தொடரும் இவ்வாற்றலே வயலினைப் பக்கவாத்தியமாக்கியது. அரசவையும் கோயிலும் நலிந்து, நகரச் சபாக்கள் இசையைப் புரக்கத் தொடங்கியபோது இது பெரும் பொருளாதார விளைவைத் தந்தது. பாடகர் ஒவ்வொருவருக்கும் வயலின் வாசிப்பவர் ஒருவர் தேவைப்பட்டார். வீணை வாசிப்பவரோ தமக்கென ஒரு கச்சேரி கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியவர். ஒலிபெருக்கி வருமுன் பெரிய மண்டபத்தில் வீணையின் மெல்லொலி பின்வரிசையை எட்டவுமில்லை. வயலினின் ஒலியும் போதாதெனக் கருதிய மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலினை அமைத்துக்கொண்டார் என்றால் வீணையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், ஐரோப்பியத் தொழிலாளர் வயலினை அரை, முக்கால் எனப் பிள்ளையின் உடலளவுக்கேற்பச் செய்து விற்றனர். ஆகவே பிழைப்புக்காக இசை கற்ற பிள்ளைக்கு, அதாவது ஆண்பிள்ளைக்கு, வயலின் தெரியப்பட்டது.

பெண்பிள்ளையின் நிலை வேறு. வீணை தனம்மாள் (1867–1938) போன்றோர் அக்கருவியாற் புகழும் வாழ்வும் பெற்ற தொழில்முறைக் கலைஞராவர். ஆனால் அவர் பிறந்த குலத்துப் பெண்களின் கலைவாழ்வைச் சமூகம் பழித்தொதுக்கிய அதே காலத்திலேதான், வீணை மத்தியதர வர்க்கத்து வீடுகளுக்குட் புகுந்தது. அங்கு அது தொழிலன்று, இலட்சணம். பெண் பார்க்க வருவோர் முன் ஓர் உருப்படி வாசித்தல் வரை அதன் பயன் இருந்தது. திருமணத்தின் பின் உறையிடப்பட்டுச் சுவரோரம் சாத்திவைக்கப்பட்ட வீணைகளை யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் கண்டிருக்கிறோம். 'பெண்ணுக்கு வீணைதான் அழகு' என இன்றும் கூறுவோர் அதனைத் தொன்மையான மரபென எண்ணுகின்றனர். அது ஏறத்தாழ நூறாண்டுப் பழக்கமேயாகும். வயலின் கலைஞரான பெண்ணொருவர், ஏ. கன்னியாகுமரி, சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெறுவதற்கு 2016 வரை காத்திருக்க நேர்ந்ததை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும்.

ஈழத்தில் இத்தெரிவு பள்ளிக்கூடத்தோடு பிணைந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று கற்று மீண்டோர் ஆசிரியராயினர். வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகப் பரீட்சை நடத்தியது. 1913இல் சேர் பொன். இராமநாதன் பெண்களுக்கென மருதனார்மடத்தில் நிறுவிய கல்லூரியின் சூழலிலே, பின்னாளில் நுண்கலைக் கழகம் எழுந்து, 1975இல் பல்கலைக்கழக வளாகத்துடன் இணைந்தது. சான்றிதழும் ஆசிரியப் பதவியும் கிட்டியதால் பெண்களும் வயலினைத் தொழிலாகக் கொள்ள வழி திறந்தது. நான் அறிந்தவரை, இங்கு மேடையைவிட வகுப்பறையே வயலின் பயின்ற பெண்களுக்கு வாழ்வளித்தது.

யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லக்ஷ்மிநாராயண ஐயரின் வீட்டில் இவ்வரலாறு முழுவதும் ஒரே கூரையின்கீழ்க் கூடியிருந்தது. தந்தை வயலின், தாயார் சீதாலக்ஷ்மி வாய்ப்பாட்டும் வீணையும். பக்கவாத்தியமென ஒதுக்கப்பட்ட வயலினைத் தனிக்கச்சேரிக் கருவியாக உயர்த்துவதே தந்தையின் இலட்சியம். அதற்காகவே மக்களைச் சிறுவயது முதல் பயிற்றினார். 1958 இனக்கலவரத்தை அடுத்து அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. மூத்தவர் எல். வைத்தியநாதன் 'ஏழாவது மனிதன்' முதலிய படங்களுக்கு இசையமைத்தார். எல். சுப்பிரமணியம் உலக மேடைகளில் தனிக்கச்சேரி செய்தார். எல். சங்கர் இரட்டைக் கழுத்துடைய வயலினொன்றை வடிவமைத்தார். யாழ்ப்பாணத்து வீட்டில் கைப்பற்றிய வில்லை மூவரும் விடவில்லை. தாயின் வீணையை அவர்களுள் எவரும் தொழிலாக எடுக்கவுமில்லை.