இலச்சினையும் ஊர்ப்பெருமையும்

தசாங்கம் பாடும் புலவர் மலை, ஆறு, நாடு, ஊர் என்று தொடங்கி முரசும் கொடியும் ஆணையும் வரையில் பத்து உறுப்புகளை எண்ணுவர். அவற்றுள் கொடியை விட்டுப் பாடிய புலவர் ஒருவரும் இலர். அரசனது கொடியிலும் நாணயத்திலும் ஓலையிலும் ஒரே பொறி இருக்கும். அதனைக் கண்ட மாத்திரத்தே இவன் இன்ன நாட்டான் என்று பிறர் அறிவர். இக்காலத்தில் முடியுடை வேந்தர் இல்லை. அவர் இருந்த இடத்தில் மாநில அரசாங்கங்களும் நகரசபைகளும் ஊராட்சிகளும் இருக்கின்றன. ஆயினும் பொறியின்மேல் மக்களுக்குள்ள பற்றுக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

2009-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா தேசத்து மெல்போர்ன் நகரசபையார், 'எம்' என்னும் ஆங்கில எழுத்தைப் பட்டை தீட்டிய மணிபோல் அமைத்த புதிய இலச்சினை ஒன்றை ஒரு நிறுவனத்தாரைக் கொண்டு எழுதுவித்தனர். அதற்கு ஆன செலவு ஏறக்குறைய 2,40,000 ஆஸ்திரேலிய டாலர். ஓர் எழுத்துக்கு இத்துணைப் பணமா என்று வரி கொடுப்போர் முறையிட்டனர். இத்தகைய முறையீடு எந்த நாட்டில் எழுந்தாலும் அதனுள் இரண்டு குறைகள் கலந்திருக்கக் காணலாம். ஒன்று செலவைப் பற்றியது. மற்றொன்று, 'இப்பொறியில் எம்மைக் காணோமே' என்பது. முன்னதை மக்கள் உரக்கச் சொல்வர்; பின்னதை நெஞ்சில் வைத்திருப்பர். யான் அறிந்தவரையில் பின்னதே ஆழமான குறையாகும். தம் முகத்தைப் பொறியில் கண்டவர்கள் செலவுக் கணக்கை அவ்வளவாகக் கிளறுவதில்லை.

நிற்க. பொறி என்பது முற்காலத்தில் அழகுக்காக எழுந்ததன்று. அதற்கு ஒரு வேலை இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கம் கொள்வோர் ஏற்றுமதிப் பண்டங்களையும் இறக்குமதிப் பண்டங்களையும் அளந்து அவற்றின்மேல் புலிப்பொறி இடும் செய்தி வருகின்றது. பொறி விழுந்த மூட்டைக்கு வரி செலுத்தியாயிற்று என்பது ஒரு பொருள். இனி இதற்கு அரசன் காவல் என்பது மற்றொரு பொருள். பாண்டியர் நாணயமும் அத்தகையதே. பெருவழுதி என்னும் பெயர் தமிழி எழுத்தில் பொறிக்கப்பெற்ற சங்ககாலச் செப்புக்காசின் மறுபுறத்தே கோட்டுருவாக மீன் அமைந்துள்ளது. அம்மீனைக் கண்டு வணிகன் காசை ஏற்றான். அவன் நம்பியது மீனின் அழகையன்று, அதன் பின்னே நின்ற மதுரை அரசினையே.

பாண்டியர்க்கு மீன் எங்ஙனம் பொறியாயிற்று என்பதற்குப் புராணங்கள் பல சொல்லும். யான் கடற்கரையிற் பிறந்தவனாதலின் எனக்கு அப்புராணங்கள் வேண்டுவனவாகத் தோன்றவில்லை. பொருநையாறு கடலொடு கலக்கும் இடத்தில் கொற்கை இருந்தது. அகநானூறும் மதுரைக்காஞ்சியும் அதன் முத்தைப் புகழ்கின்றன. கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூலும், அடுத்த நூற்றாண்டில் தாலமி எழுதிய பூகோள நூலும் அதனைக் கொல்கை எனக் குறிக்கின்றன. சிலப்பதிகாரத்தில் நெடுஞ்செழியன் அரசுகட்டிலில் உயிர்நீத்த பின்னர் ஆட்சியை ஏற்ற வெற்றிவேற் செழியன் கொற்கையில் இருந்தவனே. 1968–69-இல் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையார் அங்கு அகழ்ந்து எடுத்த கரித்துண்டு ஒன்றைச் சோதித்தபோது அதன் காலம் கி.மு. 785-ஐ ஒட்டியது என முடிவு கண்டனர். இப்பொழுது கடல் கிழக்கே பல கிலோமீட்டர் விலகிச் சென்றுவிட்டது. துறைமுகம் இருந்த இடத்தில் வயலும் வாழையும் நிற்கின்றன. இங்ஙனம் கடலால் வாழ்ந்த ஓர் அரசு மீனைப் பொறியாகக் கொண்டதில் வியப்பென்ன இருக்கிறது?

பெருமையைச் சொல்லும் நாவினாலேயே மற்றொன்றையும் சொல்லல் வேண்டும். பெரிப்ளூஸ் ஆசிரியர் கொல்கைத் துறையில் முத்துக்குளிக்கும் தொழிலைத் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு செய்வித்தனர் என்று எழுதுகின்றார். அரசன் மார்பில் அசைந்த முத்தாரத்தின் அடியில் மூச்சடக்கி மூழ்கியவன் ஒருவன் இருந்தான். அவனுடைய பெயரை எந்தக் காசிலும் பொறித்தாரில்லை. இதனை எழுதுவதனால் நம் நாட்டின் பெருமை குன்றிவிடும் என்று யான் கருதவில்லை.

பொறியால் பெருமை கொள்வார் உள்ளதுபோல் பொறியால் தாழ்வுறுத்தப்படுவாரும் உண்டு. சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் முத்திரையைப் பாருங்கள். இராசராசன் காலத்து ஆனைமங்கலச் செப்பேட்டிலும் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் குடைநிழலில் புலி வீற்றிருக்க, அதன் அருகே இரண்டு கயலும் ஒரு வில்லும் அமைந்திருக்கும். தஞ்சாவூரில் இருந்து பார்ப்பவனுக்கு அது மூவேந்தர் ஒற்றுமையாகத் தோன்றலாம். மதுரையிலோ கொற்கையிலோ இருந்து பார்ப்பவனுக்கு அது தோல்வியின் சாட்சி. இக்காலத்து மேடைகளில் வில், புலி, கயல் மூன்றையும் ஒருங்கே எழுதித் தமிழர் ஒற்றுமை என்று கொண்டாடுகின்றோம். கொண்டாடுக, ஆனால் அக்கூட்டினை முதலில் முத்திரையில் அமைத்தவர் எந்நோக்கத்தோடு அமைத்தனர் என்பதையும் அறிந்து கொண்டாடுக.

இவ்விடத்தில் நம் சங்கத்து அன்பர்க்கும் பிற சங்கத்து அன்பர்க்கும் ஒரு விண்ணப்பம். கயற்பொறி எங்கள் குலத்துக்கே உரியது, பாண்டியர் வழி வந்தோர் யாமே என்று தென்னாட்டுச் சமூகங்கள் பல உரிமை பேசுகின்றன. கடிதத் தலைப்பிலும் கொடியிலும் இரட்டைக் கயலைப் பொறித்துக்கொள்கின்றன. அதனால் ஒருவர்க்கொருவர் மனவருத்தமும் நேர்கின்றது. காசில் விழுந்த மீன் உழவன் கையிலும் பரதவன் கையிலும் உப்பு விற்கும் உமணன் கையிலும் ஒன்றுபோலவே செல்லுபடியாயிற்று. அக்காசினை ஒரு குலத்தின் மடியில் முடிந்து வைப்பது வழக்குக்கு இடமாகுமே தவிர வரலாறு ஆகாது. இது நம்மவர் சிலர்க்குக் கசக்கும் என்பதை அறிவேன்.

1658-இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்களுடைய கும்பினியாரின் இலச்சினை வி, ஓ, சி என்னும் மூன்று எழுத்துகளைப் பின்னிய ஒரு குறியாகும். கும்பினியின் காசுகளிலும் பாத்திரங்களிலும் அதனைக் காணலாம். அதே ஊரில் 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தோற்றுவித்து அந்நியர் கப்பலுக்கு எதிராக நின்ற சிதம்பரனார்க்கும் பெயரின் முதலெழுத்துகள் அவையே. 2011 முதல் துறைமுகமும் வ. உ. சிதம்பரனார் பெயரையே தாங்குகின்றது. மூன்று எழுத்துகள் ஒரு காலத்தில் கொள்ளைக்கும் பிறிதொரு காலத்தில் விடுதலைக்கும் அடையாளமாயின. இதனை யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. எந்தச் சித்திரக்காரருக்கும் கூலி கொடுத்ததுமில்லை.

இனி நம் மாநில இலச்சினைக்கு வருவோம். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்துப் பிரதம மந்திரியாக இருந்த காலத்தில் மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் எழுதிக்கொடுத்த கோபுர இலச்சினை 1949-இல் வழக்கிற்கு வந்தது. சமயச் சார்பற்ற அரசாங்கத்துக்குக் கோயிற் கோபுரம் எங்ஙனம் பொருந்தும் என்று வினவினார் உளர். கோபுரம் திராவிடச் சிற்பக்கலையின் வடிவம் என்று விடை கூறினார் உளர். அக்காலத்து மாகாணத்தில் தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடரும் நம்மோடு ஒன்றாக இருந்தனர் என்பதையும் மறத்தல் கூடாது. 1953-இல் ஆந்திரரும், 1956-இல் ஏனையோரும் பிரிந்து சென்றனர். அதன்பின்னரே அக்கோபுரம் முற்றும் தமிழ்நாட்டுக் கோபுரமாயிற்று.

அது எந்தக் கோபுரம் என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பதினொரு நிலை கொண்ட ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமே என்று பலர் சொல்வர். பாடப்புத்தகம் படித்த மாணவரும் அவ்வாறே சொல்வர். ஓவியரோ தாம் எழுதியது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரம் என்று கூறியதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்துள்ளது. இரண்டும் பாண்டிநாட்டுக் கோபுரங்களே. அந்த மட்டில் நமக்கு மகிழ்ச்சி. ஆனால் சோழநாட்டார் ஒருவர், தஞ்சைப் பெரிய கோயிலை ஏன் எழுதவில்லை என்று கேட்பாராயின் அவர்க்கு விடை சொல்லக் கூடியவர் யார்?

அண்மையில் 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு வழக்கு எழுந்தது. தமிழ்நாட்டு அரசாங்கத்தார் தம் வரவு செலவுத் திட்டத்தின் இலச்சினையில் ரூபாய்க் குறியை நீக்கி 'ரூ' என்னும் தமிழெழுத்தை வைத்தனர். மத்திய நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் அதனைக் கண்டித்தார். நீக்கப்பட்ட குறியோ 2010-இல் மத்திய அரசாங்கத்தார் போட்டி வைத்து ஏற்றுக்கொண்டது, அதனை எழுதிய உதயகுமார் தமிழ்நாட்டவர், தி.மு.க. சார்பில் முன்னர்ச் சட்டசபையில் இருந்தவரின் மகன். அவர் பெற்ற பரிசு 2,50,000 ரூபாய். நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் நாள்தோறும் கையாளும் குறிக்கு இது மிகுதியான செலவென்று யான் சொல்லமாட்டேன். 'ரூ' என்பதைக் கணக்கப்பிள்ளைகள் தொன்றுதொட்டு எழுதி வந்தனர். அதனைப் புதுமையென்று வியப்பவரும் பகையென்று சினப்பவரும் பழைய கடைக் கணக்கேடு ஒன்றைப் புரட்டிப் பார்ப்பது நன்று.

இவையெல்லாம் பேச்சோடு நின்ற வழக்குகள். இலங்கையில் நிகழ்ந்தது அவ்வாறன்று. 1948 ஜனவரியில், கண்டி அரசனது சிங்கக் கொடியையே தேசக் கொடியாகக் கொள்ளவேண்டும் என்று அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் பிரேரணை வந்தது. அதனைக் கொணர்ந்தவர் மட்டக்களப்பைச் சேர்ந்த ஏ. சின்னலெப்பை என்னும் தமிழ் பேசும் முஸ்லிம் அங்கத்தினர். தமிழர் பலர் அதற்கு உடன்படவில்லை. பின்னர் அமைந்த குழுவிற்கு எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தலைவர், ஜி. ஜி. பொன்னம்பலமும் செனட்டர் எஸ். நடேசனும் அதில் இருந்தனர். சிங்கத்தின் பக்கத்தே தமிழர்க்கு ஒரு பட்டையும் முஸ்லிம்களுக்கு ஒரு பட்டையும் சேர்ப்பது என்று குழு முடிவு செய்தது. நடேசன் இசையாது நின்றார். 1951 மார்ச்சில் அக்கொடி ஏற்கப்பட்டது. சிங்கம் நிற்கும் சட்டத்துக்குள் இடமின்றி வெளியே இரண்டு பட்டைகளாக நிற்பது இணைப்பா பிரிப்பா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளை நாம் அறிவோம். கொடி ஒன்றே அதற்கெல்லாம் காரணம் என்பது பிழை. ஆனால் நோய் முதலில் தோன்றிய இடங்களுள் அதுவும் ஒன்று.

அத்தீவிலேயே திருக்கோணமலையில் வேறொரு பொறி உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் கயல் பொறித்ததைக் குடுமியான்மலைக் கல்வெட்டுக் கூறும். போர்த்துக்கீசர் 1624-இல் கோணேசர் கோயிலை இடித்து அக்கல்லைக்கொண்டே கோட்டை கட்டினர். கோட்டை வாயிலில் இன்றும் இரட்டைக் கயல் செதுக்கிய கல்லைக் காணலாம். படையெடுத்துச் சென்ற நம்மவர் அங்கே பதித்த பொறியை அவ்வூரார் எவ்வாறு நோக்கினர் என்பதையும் நாம் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும்.

நம் தூத்துக்குடிக்கு வருவோம். 1866-இல் நகரபரிபாலன சபை ஏற்பட்டது. 2008-இல் மாநகராட்சி ஆயிற்று. முத்துக்குளித்துறை என்று நாம் பெருமையோடு சொல்லும் இக்கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நிகழ்ந்தது 1961-இல். இப்பொழுது ஐம்பது வயதுள்ள மீனவர் ஒருவரும் அரசாங்கத்தார் நடத்திய சலாபத்தைக் கண்டவரல்லர். உப்பளங்களோ நாளும் வேலை செய்கின்றன. தமிழ்நாட்டு உப்பிற் பெரும்பகுதி இம்மாவட்டத்தில் விளைவதே. ஊரின் பொறி பழம்பெருமையைக் காட்டுவதா, இன்று ஊரார் உண்ணும் சோற்றைக் காட்டுவதா? இவ்விரண்டினுள் ஒன்றைத் தேர்வதற்கு வெளியூர் நிறுவனத்தாருக்குப் பணம் கொடுக்கும் முன்னர், வார்டுதோறும் ஊராரைக் கூட்டிக் கேட்பதற்கு எந்தச் சபையாருக்கும் தடையொன்றும் இராது. வரும் நாளில் எந்தச் சபையேனும் இத்தகைய எண்ணம் கொள்ளுமாயின், அதில் இருக்கும் நம் அங்கத்தினர்கள் இதனை எடுத்துக் கூறல் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவரிடம் நம் ஊருக்கு ஒரு குறி எழுதித் தருக என்று தாள் கொடுத்தேன். நாற்பத்தொரு பேர் எழுதினர். உப்புக் குவியல் எழுதியோரே மிகுதி. அடுத்தபடியாகக் கப்பலும் பனையும் சங்கும் வந்தன. ஒருவன் மாதா கோயில் தேரை எழுதினான்; மற்றொருவன் அனல் மின்நிலையத்துப் புகைபோக்கியை எழுதினான். இரட்டைக் கயலை எழுதினார் எவருமில்லை. முத்து எழுதினோர் இருவர், இருவரும் மாணவியரே, அதனை மூக்குத்தியில் வைத்து எழுதியிருந்தனர்.